மலையேறும் மோட்டார்கள்

கோடை பிறந்தவுடன் திருப்பூரார் மோட்டாரிலேறி உதகமண்டலம் செல்லுதல் வழக்கம். 2024 மே 7 முதல், சென்னை ஹைக்கோர்ட்டாரின் ஆணைப்படி, அப்பயணத்திற்கு இ-பாஸ் என்னும் அனுமதிச் சீட்டை முன்னரே பெறவேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் நாளொன்றுக்கு 6,000 வண்டிகள், வாரக்கடைசியில் 8,000 என்று வரம்பும் விதிக்கப்பட்டது. நீலகிரியார் வண்டிகளுக்கு அத்தடை இல்லை.

இஃது அநியாயம் என்று முணுமுணுப்போர் நம்மூரிற் பலர், யாமும் முணுமுணுத்ததுண்டு. அத்தகையோர் ஒருமுறை நொய்யற்கரைக்கு வந்து நிற்பாராக. நம் சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி உழவர் நிலங்களைப் பாழாக்கியதும், 2011 ஜனவரியில் அதே ஹைக்கோர்ட்டார் சாயப்பட்டறைகளை மூடுமாறு உத்தரவிட்டதும் மறக்கற்பாலனவோ? அயலார் ஆற்றைக் கெடுத்த நாம் அயலார் மலையையும் புகையால் நிரப்புதல் தகுமோ?

எனினும் சீட்டு முறையிலும் ஒரு குறையுண்டு. அது வண்டிகளை எண்ணும் அளவிற்குப் புகையை நோக்குவதில்லை. பாரிஸ் நகரத்தாரோ 2017இல், எரிபொருளும் வயதும் கண்டு நிறவில்லை ஒட்டுவித்து, வெளிநாட்டார் வண்டியென்றும் பாராது, மிகப் பழைய வண்டிகளை வாரநாட்களின் பகலில் விலக்கினர். கல்லாற்றுச் சாவடியிலும் அம்முறை வருதல் நன்றென்பது எம் கருத்து. வந்தால் முதலில் நிறுத்தப்படுவது எம்முடைய பழைய டீஸல் வண்டியே. மேட்டுப்பாளையத்தில் அதனை விட்டுப் பஸ் ஏறிக்கொள்வோம்.