வலியவன் வாழ்வது இயற்கை நியதியா?

"வலியது வாழும், மெலியது மாயும். இது இயற்கையின் நியதி. யார் என்ன செய்ய முடியும்?" கூலி உயர்வு கேட்டுப் போகிறவர்களுக்குப் பணம் படைத்தவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் பதில் இது. சாட்சிக்கு டார்வினையும் இழுக்கிறார்கள். ஆனால், விஞ்ஞானம் சொல்வது என்ன?

ஒரே இனத்து ஜீவராசிகளுக்குள் சிறுசிறு வேற்றுமைகள் உண்டு. அவற்றில் பல, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருகின்றன. சூழ்நிலைக்குப் பொருந்தியவை அதிகமான சந்ததிகளை விட்டுச் செல்கின்றன. தலைமுறை தலைமுறையாக அந்தக் குணம் கூட்டத்தில் பெருகுகிறது. இயற்கைத் தேர்வு என்பது இவ்வளவுதான். அது மூன்று விதமாக வேலை செய்கிறது.

முதலாவது, கூட்டம் முழுவதையும் ஒரே திசையில் தள்ளுவது. பஞ்சாலைத் தொழிலாளிகளுக்கு மான்செஸ்டர் தெரியாத பெயரல்ல. அங்கே வெள்ளை உடம்பில் மிளகுத் தூள் தூவினாற்போன்ற ஒரு விட்டில் உண்டு. ஆலைப் புகை மரங்களைக் கரியாக்கியது. கருத்த மரத்தில் வெள்ளை விட்டில் பறவையின் கண்ணில் பட்டது. கறுப்பு விட்டில் தப்பியது. 1848-ல் அங்கு அபூர்வமாக அகப்பட்ட கறுப்பு விட்டில், 1895-க்குள் நூற்றுக்கு 98 ஆகிவிட்டது. எந்த விட்டிலும் தன் நிறத்தை மாற்றிக்கொள்ளவில்லை, கூட்டம்தான் மாறியது. இந்த வேகத்தை 1924-ல் கணக்கிட்டுக் காட்டியவர் ஹால்டேன். பிரிட்டிஷ் தொழிலாளர் தினசரியான 'டெய்லி வொர்க்கர்' ஏட்டில் விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதியவர். 1957-ல் இந்தியா வந்து, 1964-ல் புவனேஸ்வரத்தில் மறைந்தவர்.

இரண்டாவது, இரு ஓரங்களையும் கழித்து நடுவை நிலைநிறுத்துவது. 1935 முதல் 1946 வரை லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் பிறந்த 13,730 சிசுக்களைப் பற்றிய ஆராய்ச்சியை 1951-ல் கார்ன், பென்ரோஸ் இருவரும் வெளியிட்டார்கள். மிகச் சிறிய சிசுக்கள் அதிகம் மடிந்தன. மிகப் பெரியவையும் அதிகம் மடிந்தன. சுமார் எட்டு பவுண்டு எடையுள்ளவையே நன்றாகப் பிழைத்தன. பெருத்தது எல்லாம் வலியது என்றால் இது எப்படி?

மூன்றாவது, நடுவைக் கழித்து இரு ஓரங்களையும் வாழவிடுவது. ஆப்பிரிக்காவில் காமரூன் நாட்டில் விதையை உடைத்துத் தின்னும் ஒரு குருவி உண்டு. சிறிய அலகுக் குருவி மெல்லிய கோரை விதையைத் தின்னும். பெரிய அலகுக் குருவி கெட்டியான கோரை விதையை உடைக்கும். நடுத்தர அலகுள்ள குஞ்சுகளுக்கு இரண்டிலும் சாமர்த்தியம் குறைவு. அவையே மிகுதியாக மடிகின்றன. 1993-ல் வெளியான ஆராய்ச்சி இதைக் காட்டியது.

ஆக, 'வலியது' என்று நிரந்தரமாக முத்திரை குத்தப்பட்டது இயற்கையில் எதுவுமில்லை. சூழ்நிலை மாறினால் தீர்ப்பும் மாறும். பிரிட்டனில் 1956-ல் புகையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. மரங்கள் வெளுத்தன, வெள்ளை விட்டில் திரும்பியது. இன்று கறுப்பு விட்டில்தான் அபூர்வம்!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விட்டிலின் நிறம் பிறவியில் வருகிறது. நிலப்பட்டாவும் ஆலைப் பங்கும் பிறவியில் வருகின்றனவா? பத்திரத்தில் எழுதி வைப்பதை ரத்தத்தில் ஊறியது என்று சொல்வது விஞ்ஞானமல்ல, மோசடி.

சிசுக்களின் கதையும் லண்டனோடு முடியவில்லை. இத்தாலியில் 1954 முதல் 1985 வரை பிறந்த குழந்தைகளின் கணக்கைப் பார்த்தவர்கள், எடை காரணமாக நேரும் இந்தக் கழிவு ஏறக்குறைய மறைந்துபோனதைக் கண்டார்கள். இயற்கை மனம் இரங்கவில்லை. பிரசவ வைத்தியமும் சிசுப் பராமரிப்பும் வளர்ந்தன. மடிந்திருக்க வேண்டிய குழந்தைகள் பிழைத்தன.

நாற்று நடும் கர்ப்பிணித் தாய் அரை வயிறு உண்டு, எடை குறைந்த பிள்ளை பெற்று, அதைப் பறிகொடுத்தால், அதற்கு இயற்கையின் மேல் பழி போடாதீர்கள். அது கூலியின் குறை, ஆஸ்பத்திரியின் தூரம். மனிதர் உண்டாக்கிய புகையை மனிதர் சட்டம் போட்டு அகற்றினார்கள். மனிதர் உண்டாக்கிய பட்டினியையும் அகற்ற முடியும். நியாயமான கூலி, சம்பளத்துடன் பிரசவ லீவு, நடந்து போகும் தூரத்தில் பிரசவ ஆஸ்பத்திரி: இவற்றைக் கேட்பது இயற்கைக்கு விரோதமல்ல. கேட்போம், சேர்ந்து நின்று கேட்போம்!