கடைசி அத்தியாயத்து டாக்டர்

தொடர்கதை எழுதுகிறவனுக்குக் கொலைகாரன் அகப்படாமல் போகிற நாள் ஒன்று வந்தே தீரும். இருபத்தாறு வாரம் கதையை இழுத்தாகிவிட்டது. மூன்று பிணங்கள் விழுந்துவிட்டன. சமையற்காரர் முதல் வக்கீல் குமாஸ்தா வரை எல்லோரையும் வாசகர்கள் சந்தேகித்து முடித்துவிட்டார்கள். பத்திரிகை ஆசிரியரோ, அடுத்த வாரம் கதை முடிந்தாக வேண்டும் என்கிறார். அப்பொழுது எழுத்தாளன் ஓடிப் போய்க் கும்பிடுகிற குலதெய்வம் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் பைத்தியம்.

யாரை வேண்டுமானாலும் பைத்தியமாக்கலாம். ஆக்கிவிட்டால் கொலைக்குக் காரணம் சொல்ல வேண்டிய தொல்லை இல்லை. சொல்ல வேண்டிய கொஞ்சநஞ்சத்தையும் கடைசி அத்தியாயத்தில் மூக்குக் கண்ணாடியோடு வருகிற மனோதத்துவ டாக்டர் சொல்லிவிட்டுப் போவார். சிறு வயதில் இன்னது நடந்தது. அதனால் மனம் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி பூஜை செய்தது, மறு பாதி கழுத்தை நெரித்தது. சுபம்.

இதைப் பரிகாசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. நானே செய்திருக்கிறேன். பதினைந்து வருஷங்களுக்கு முன்னால் எழுதிய ஒரு தொடர்கதையில், மாடி அறையில் வாய் திறவாமல் பூத் தொடுத்துக்கொண்டிருந்த ஓர் அத்தையைக் கடைசி வாரத்தில் கொலைகாரியாக்கினேன். பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன. அவற்றின் நடுவே ஓர் இன்லண்டு கடிதம். எழுதியவர் ஒரு பெண்மணி. அவருடைய தமையனார் பல வருஷங்களாக மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறவர். சாயங்காலத்தில் தெருக்கோடி வரை நடந்து போய், ஒரு பொட்டலம் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்புவார். உலகத்தோடு அவருக்கு உள்ள போக்குவரத்து அவ்வளவுதான். என் கதை முடிந்த பிறகு, அவர் வருகிற நேரம் பார்த்து எதிர் வீட்டுக்காரர்கள் குழந்தைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்துகிறார்களாம். “உங்கள் மேல் தப்பில்லை, கதைதானே?” என்று அந்த அம்மாள் கடிதத்தை முடித்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

அன்று முதல் மனோதத்துவத் திகில் என்று பெயர் சூட்டிக்கொண்டு வருகிற கதைகளையும் படங்களையும் வேறு கண்ணோடு பார்த்து வருகிறேன். அந்த வகையே கூடாது என்று கட்சி கட்ட வரவில்லை. எனக்குப் பிடித்த படங்களில் பல அந்த வகைதான்.

1960-ல் வந்த ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வையே எடுத்துக்கொள்ளுங்கள். ராபர்ட் பிளாக் 1959-ல் வெளியிட்ட நாவலைக் கொண்டு எடுத்த படம். படம் தொடங்கிய பிறகு எவரையும் உள்ளே விடக்கூடாது என்று கொட்டகைக்காரர்களுக்குக் கட்டளை போட்டார் ஹிட்ச்காக். அந்தக் குளியலறைக் கொலையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதற்குப் பின்னால் வருவதுதான் பெரிது. நார்மன் பேட்ஸ் என்ற இளைஞன் குளியலறையைக் கழுவித் துடைக்கிறான். பிணத்தைக் காரில் போட்டு, காரைச் சேற்றுக் குட்டையில் தள்ளுகிறான். கார் மெள்ள மெள்ள அமிழ்கிறது. பாதியில் நின்றுவிடுகிறது. அவன் இப்படியும் அப்படியும் பார்த்து விழிக்கிறான். நாம் என்ன செய்கிறோம்? ‘ஐயோ, முழுகித் தொலையக் கூடாதா!’ என்று நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு தவிக்கிறோம். சற்று முன்னே அந்தப் பெண்ணுக்காகப் பதறியவர்கள் சாட்சாத் நாமேதான். கார் முழுகியதும் பெருமூச்சு விடுகிறோம். அந்தப் பெருமூச்சு போதும், நாம் யார் என்று நமக்குத் தெரிந்துவிடும். இதற்காகத்தான் இந்த வகைக் கதை எழுதப்பட வேண்டும் என்பேன்.

இவ்வளவு தூரம் நம்மைக் குற்றத்துக்கு உடந்தையாக்கிய அந்த மகானுபாவர் கடைசியில் என்ன செய்தார்? ஒரு டாக்டரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் போலீஸ்காரர்களையும் மாண்டவளின் தங்கையையும் வைத்துக்கொண்டு ஒரு பிரசங்கம் செய்கிறார். எல்லாப் பழியும் என்றைக்கோ செத்துப்போன ஒரு தாயின் தலையில் விடிகிறது. நமக்கும் நிம்மதி. குற்றவாளி நம்மைச் சேர்ந்தவன் அல்ல, ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவன். ஹிட்ச்காக்குக்கே அந்த டாக்டரிடம் பூரண நம்பிக்கை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பிரசங்கம் முடிந்ததும் நம்மை அந்த இளைஞன் அடைபட்டிருக்கும் அறைக்கு அழைத்துப் போய், கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவன் சிரிக்கிற ஒரு சிரிப்பைக் காட்டுகிறார். டாக்டர் சொன்ன அத்தனையும் அந்தச் சிரிப்புக்கு முன்னால் நிற்கவில்லை. ஆனால், புலியைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட பூனைகள், சிரிப்பை விட்டுவிட்டு டாக்டரை மட்டும் எடுத்துக்கொண்டன.

நம் பக்கமும் அந்தப் பூனைகள் வந்தன. 1978-ல் ‘சிகப்பு ரோஜாக்கள்’, 1980-ல் ‘மூடுபனி’. இரண்டும் தொழில் தெரிந்தவர்கள் எடுத்த படங்கள். இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் இரண்டிலும் பெண்களைக் கொல்கிற ஓர் ஆண். இரண்டிலும் அவனுடைய பிள்ளைப் பருவம் வந்து கணக்கை நேர் செய்கிறது. 2005-ல் ‘அந்நியன்’ வந்தபோது ஒரே உடம்பில் மூன்று பேர் குடியிருந்தார்கள். டாக்டர் நோய்க்குப் பெயர் சொன்னதும் அத்தனை கொலைக்கும் ரசீது கிடைத்துவிட்டது.

இதிலே இன்னொரு கூத்து. மனச்சிதைவு என்ற நோய்க்கும், ஒருவருக்குள் இருவர் இருப்பதற்கும் சம்பந்தமில்லை. மனச்சிதைவு கண்டவருக்கு இல்லாத குரல்கள் கேட்கும். யாரோ தம்மைக் கண்காணிப்பதாகத் தோன்றும். குளிக்கவும் உண்ணவும்கூட மனம் போகாது. பகலில் குமாஸ்தாவாகவும் இரவில் யமனாகவும் அவர் வேஷம் மாறுவதில்லை. இந்த நோயாளிகள் பிறரை அடிப்பதைவிடப் பிறரிடம் அடிபடுவதே அதிகம் என்று மருத்துவர்கள் சலிக்காமல் சொல்லி வருகிறார்கள். கதாசிரியர்களின் காதில் அது விழுவதில்லை. என் காதிலும் விழவில்லையே!

2001 ஆகஸ்டு 6-ந் தேதி அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் விடுதிக் கொட்டகையில் தீப்பிடித்தது. அவர்கள் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அதே வருஷம் நவம்பரில் ‘ஆளவந்தான்’ வெளியாயிற்று. மனநோய் விடுதியிலிருந்து தப்பி வருகிற ஒருவன் தன் சகோதரனின் மனைவியைக் கொல்லத் துரத்துகிற கதை. கமல்ஹாசன் அந்தப் பாத்திரத்துக்காகப் பட்ட சிரமத்தைப் பார்த்தால் கை தானாகவே தட்டும். படமோ தீ விபத்துக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. ஆகையால் எடுத்தவர்கள் மேல் குற்றம் இல்லை. நான் கேட்பது என்னைப் போன்ற ரஸிகர்களை. சங்கிலியில் வெந்தவர்களை மூன்று மாதத்தில் மறந்துவிட்டு, சங்கிலியை அறுத்துக்கொண்டு வருகிறவனைப் பார்த்து எப்படி நடுங்க முடிந்தது?

“வாசகர்கள் அதைத்தான் கேட்கிறார்கள்” என்பார்கள். பொய். ‘காஸ்லைட்’டைப் பாருங்கள். பாட்ரிக் ஹாமில்டன் எழுதி 1938-ல் லண்டனில் மேடையேறிய நாடகம். 1944-ல் இங்க்ரிட் பெர்க்மன் நடித்த படம். புருஷன் வீட்டுச் சாமான்களை ஒளித்து வைத்துவிட்டு, “நீதான் எங்கேயோ தொலைத்துவிட்டாய், உனக்குப் புத்தி பேதலிக்கிறது” என்று மனைவியிடம் சொல்கிறான். அந்தி நேரத்தில் அவள் அறையில் விளக்கு மங்குகிறது. அவன் மேல்மாடியில் திருட்டுத்தனமாக வேறு விளக்கை ஏற்றி நகை தேடுவதால் வந்த மங்கல் அது. அவளோ தன் கண்ணையே சந்தேகிக்கிறாள். குட்டு நமக்கு வெகு சீக்கிரம் தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகுதான் பயம் ஏறுகிறது! அங்கே பைத்தியம் யாரும் இல்லை. நன்றாக உடுத்தி, மெதுவாகப் பேசி, கணக்குத் தெரிந்த ஒரு மனிதன் இருக்கிறான். அவனைப் பார்க்க லண்டனுக்குப் போக வேண்டுமா? “இவளுக்கு மறதி ஜாஸ்தி, சார்” என்று விருந்தாளிகளின் எதிரில் மனைவியைப் பார்த்துச் சிரிக்கிற கணவன் எந்தத் தெருவில் இல்லை?

பாட்ரீஷியா ஹைஸ்மித் 1950-ல் எழுதிய ‘ரயிலில் சந்தித்த அந்நியர்கள்’ இன்னும் ஒரு படி மேல். ரயிலில் அறிமுகமாகிறவன், ‘உன் மனைவியை நான் கொல்கிறேன், என் தந்தையை நீ கொல்’ என்கிறான். நாவலில் அந்தச் சாது மனிதன் கடைசியில் கொன்றே விடுகிறான். மறு வருஷம் ஹிட்ச்காக் எடுத்த படத்தில் அவன் கை சுத்தமாகவே இருக்கிறது. உங்களையும் என்னையும் போன்ற ஒருவன் கொலை செய்வதைப் பார்க்க சினிமாக்காரர்களுக்குத் தைரியம் போதவில்லை. அந்த நாவலைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. கொலைகாரன் ஜன்னல் வழியாக வருவான் என்ற பயமல்ல. யாராவது என்னிடம் அவ்வளவு இதமாகப் பேசினால், எத்தனை நாள் ‘மாட்டேன்’ என்று சொல்லிக்கொண்டிருப்பேன் என்ற பயம்.

என் பழைய தொடர்கதைக்கு இப்போது மறுபதிப்புப் போடப் போகிறார்களாம். கடைசி மூன்று அத்தியாயங்களைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். அத்தை மாடியில் பூத் தொடுத்துக்கொண்டே இருக்கிறாள். கொலை செய்தவர் குடும்பத்தில் எல்லோருக்கும் வேண்டியவரான பெரிய மாப்பிள்ளை, சொத்துக்காகச் செய்தார், மறுநாள் காலையில் ஆபீசுக்கும் போனார். படித்துப் பார்த்த பதிப்பாளர் டெலிபோனில் கூப்பிட்டார்.

“முடிவு சப்பென்று இருக்கிறதே, சார்? பழையபடியே விட்டுவிடலாமே!”