முதலில் லென்ஸ்

முதல் டிஎஸ்எல்ஆர் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, ‘எத்தனை மெகாபிக்சல்?’ கேனான் 1500டி, நிக்கான் டி3500 இரண்டும் 2018இல் வந்தவை; இரண்டிலும் 24தான். அந்தக் கேள்வி அங்கேயே முடிந்தது. கையிலிருக்கும் பணத்தில் ஒரு பகுதியை லென்ஸுக்கென்று முதலிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. கேமராவோடு வரும் 18-55 லென்ஸை முழுக்க ஜூம் செய்தால், அதன் துவாரம் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸோ அதைப்போல் ஒன்பது மடங்குக்கும் அதிகமான வெளிச்சத்தை உள்ளே விடும். மங்கலான மண்டபத்தில் ஃபிளாஷ் போடாமல் தாலி கட்டுவதை எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த அருமை தெரியும். நிக்கான் பக்கம் சாய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: டி3500இன் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஏஎஃப்-டி லென்ஸை வாங்கி மாட்டினால், ஃபோகஸைக் கையால்தான் திருக வேண்டும். மோட்டார் உள்ள டி7200 பழையதாக அதே விலைக்கு வந்தால் நான் அதைத்தான் எடுப்பேன், ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று பார்த்துவிட்டு. 1,50,000 முறை வரை சோதிக்கப்பட்ட ஷட்டர் அது. விற்பவர் ‘வீட்டு விசேஷத்துக்கு மட்டும்தான் சார் எடுத்தேன்’ என்பார். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். இலவச ட்ரைபாடுக்காக மட்டும் கடையை மாற்றாதீர்கள், அதில் பெரும்பாலானவை செல்போனுக்கே ஆடும்.