கூரைக்கும் ஒரு விதி

தில்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2024-ஆம் ஆண்டு மே 29-ஆம் தேதி 46.8 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானபோது அது நாடு முழுவதும் தலைப்புச் செய்தியானது. மூன்று வாரங்களுக்குப் பிறகு, ஜூன் மாதத்து இரவொன்றில் அதே நிலையத்தில் குறைந்தபட்ச வெப்பநிலையே 35.2 டிகிரியாக இருந்தது. இது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஆனால், வெயிலில் உழைத்துத் திரும்பும் உடல் தன் சூட்டைத் தணித்துக் கொள்வது இரவில்தான். அதற்கு இடம் கொடுக்க வேண்டிய வீடே இரவிலும் சூளையாகக் கனன்று கொண்டிருந்தால், மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர் எங்கே போய் உறங்குவது?

வசதி உள்ளவர்களுக்கு இந்தக் கேள்வி இல்லை. 2024 மே 30-ஆம் தேதி நாட்டின் உச்ச மின்தேவை 2,50,000 மெகாவாட்டைத் தொட்டதற்கும், ஜூன் 19-ஆம் தேதி தில்லியின் தேவை 8,656 மெகாவாட்டாக உயர்ந்ததற்கும் குளிர்சாதனங்கள் முக்கியமான காரணம். அவற்றின் விற்பனை ஆண்டுக்காண்டு பெருகி வருகிறது என்பது உண்மையே. என்றாலும், 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட குளிர்விப்புச் செயல்திட்டம், சுமார் 8 சதவீத வீடுகளில் மட்டுமே அந்த வசதி இருப்பதாகக் கணக்கிட்டது. ஏனைய வீடுகளில் சுவரும் கூரையும் சாளரமும்தான் வெயிலுக்கு எதிரான ஒரே காப்பு.

இதை அரசு அறியாமல் இல்லை. குடியிருப்புகளுக்கான எரிசக்திச் சேமிப்பு விதித்தொகுப்பு 2018 டிசம்பரில் வெளியிடப்பட்டது. கூரை எவ்வளவு வெப்பத்தை உள்ளே கடத்தலாம், சுவரும் சாளரமும் எவ்வளவு கடத்தலாம் என்று அதில் வரம்பு வகுக்கப்பட்டது. மேலே எந்தப் பூச்சும் பதிப்பும் இல்லாத வெற்றுக் கான்கிரீட் தளத்தால் அந்த வரம்புக்குள் வரவே முடியாது. ஆனால், அந்த விதித்தொகுப்பு 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள மனைகளுக்கானது. நம்மூர்க் கணக்கில் சுமார் இரண்டேகால் கிரவுண்டு! 2022-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது குடியிருப்புகளும் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. கார்பன் வரவு வணிகத்துக்கு வழிசெய்யும் மசோதா என்றே அது பெரிதும் பேசப்பட்டது. அதிலும் 100 கிலோவாட் மின் இணைப்புச் சுமை என்பதுதான் எல்லைக்கோடு. மாநிலங்கள் விரும்பினால் குறைத்துக் கொள்ளலாம். இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் உள்ள வீட்டுக்கும் இந்தச் சட்டத்துக்கும் என்ன தொடர்பு?

அந்தச் சிறிய வீட்டைக் கட்டுவதற்குப் பணம் தருவதோ அரசுதான். ஊரகத்திலும் நகரத்திலும் மேலும் 3 கோடி வீடுகளுக்கு உதவுவதென்று மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் முடிவெடுத்தது. ஊரகத் திட்டத்தில் வீட்டின் குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 270 சதுர அடி. சமவெளிப் பகுதிகளில் ரூ. 1.20 லட்சம் என்று 2016-இல் நிர்ணயிக்கப்பட்ட உதவித்தொகை, 2024-இல் திட்டம் நீட்டிக்கப்பட்டபோதும் உயர்த்தப்படவில்லை. அந்தத் தொகையில் கம்பியும் சிமென்டும் வாங்கித் தளம் போட்டு முடிப்பதே பெரும்பாடு. தளத்தின் மேல் என்ன பதிப்பது என்று யோசிக்க யாரிடம் பணம் மிஞ்சும்? பெரிய கட்டடங்களுக்கு ஆகாது என்று அரசின் விதித்தொகுப்பே ஒதுக்கும் கூரையின் கீழ், அரசின் பணத்திலேயே ஏழைகள் குடியமர்த்தப்படுகிறார்கள்.

குடிசைக்குத் திரும்புங்கள் என்று எவரும் சொல்லவில்லை. தீயையும் புயலையும் கண்டு அஞ்சியவர்களுக்குக் கான்கிரீட் தளம் என்பது பாதுகாப்பு மட்டுமல்ல, மரியாதையும்கூட. குளுகுளு அறையில் அமர்ந்துகொண்டு ஓலைக் கூரையின் அருமையைப் பேசுவோரை அவர்கள் நம்பாததில் வியப்பில்லை. ஆனால், தலைக்கு மேல் சூரியன் நிற்கும் நாட்டில் ஒற்றைத் தள வீட்டுக்குள் வெப்பம் இறங்கும் முதன்மையான வழி கூரைதான். பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம், வீட்டார் பாய் விரிக்கும் நேரத்தில் அதைக் கீழே இறக்குகிறது.

தீர்வு புதியதும் அல்ல. தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டித் தட்டோடு பதிப்பது தமிழகத்துக் கொத்தனார்கள் தலைமுறைகளாகச் செய்துவந்த வேலை. அதற்கு வழியில்லாத இடத்தில் சுண்ணாம்பு அடித்தாலே பலன் தெரியும். 2010 மே மாத வெப்ப அலையில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்த ஆமதாபாதில், 2013-இல் வெப்பச் செயல்திட்டம் வகுக்கப்பட்டது. 2017-இல் குடிசைப் பகுதிகள் உள்ளிட்ட இடங்களில் சுமார் 3,000 கூரைகளுக்கு வெள்ளையடிக்கப்பட்டது. இத்தகைய பூச்சால் வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை வெப்பம் குறையக்கூடும்.

அதே ஆமதாபாதில் 1960-களின் தொடக்கத்தில் குஜராத் வீட்டு வசதி வாரியத்துக்காகச் சார்லஸ் கொரியா ஒரு குறுகலான வீட்டை வடிவமைத்தார். சூடான காற்று சரிவான கூரையை ஒட்டி மேலேறி உச்சித் திறப்பு வழியே வெளியேற, கீழிருந்து புதிய காற்று உள்ளே வந்தது. திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர், செங்கற்களைக் குத்துக்கல்லாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினார். ஏறத்தாழ கால் பங்கு செங்கல் மிச்சமானது. நடுவில் அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுத்தது. சிக்கனமும் குளிர்ச்சியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை இருவரும் கட்டியே காட்டினார்கள்.

ஒரே வரைபடம் நாடு முழுவதற்கும் பொருந்தாது என்பதும் உண்மை. ஜெய்சல்மேரில் பகலில் சாளரத்தை அடைத்து இரவில் திறக்க வேண்டும். எர்ணாகுளத்தின் புழுக்கத்திலோ எந்நேரமும் எதிரெதிர்ச் சாளரங்கள் வழியே காற்று ஓட வேண்டும். தேசியக் கட்டட விதித்தொகுப்பே நாட்டை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. அந்தப் பிரிவு, ஏழையின் வீட்டுக்குத் தரப்படும் தொகையிலும் நிபந்தனையிலும் எதிரொலிக்காமல் போனால் ஏட்டுச் சுரைக்காய்தான்.

கட்டட விதிகள் மாநிலங்களின் கையில் இருப்பதாகக் கூறி மத்திய அரசு ஒதுங்கிவிட முடியாது. இதே வீட்டுத் திட்டத்துடன் கழிப்பறைக்கென ரூ. 12,000-ஐ இணைத்தது மத்திய அரசுதானே? தெலங்கானா 2023-இல் கொண்டுவந்த குளிர்கூரைக் கொள்கை, அரசு கட்டித் தரும் வீடுகளையும் கட்டாயப் பட்டியலில் சேர்த்தது. தமிழகத்தில் ஊரக வீட்டுத் திட்டத்தின் கான்கிரீட் கூரைக்கென மாநில அரசு தனியாகப் பணம் தருகிறது; அத்துடன் தட்டோடு பதிக்கவும் ஒரு தொகையைச் சேர்ப்பதில் என்ன தயக்கம்? உதவித்தொகையை உயர்த்த வேண்டும் என்ற ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் பரிந்துரையை ஏற்கும்போதே, உயர்த்தப்படும் தொகையில் ஒரு பகுதியைக் கூரையின் வெப்பக் காப்புக்கென மத்திய அரசு ஒதுக்கிவிடலாம்.

கண்காணிப்பதற்கும் புதிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. கட்டுமானத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பிடக் குறியீட்டுடன் கைப்பேசியில் படமெடுத்து ஏற்றிய பிறகே தவணை விடுவிக்கப்படுகிறது. கடைசித் தவணைக்கு முன் ஏணி வைத்து ஏறி, தளத்தின் மேற்பரப்பையும் ஒரு படம் எடுக்கச் சொன்னால் போதும்.