சங்கத்துக்கு வெளியார் தலைமை தாங்கலாமா?

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம் சங்கத்தில் எழும் பேச்சுதான் இது. தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர் நிர்வாகப் பொறுப்புக்கு வரலாமா? இவ்வாண்டு பேச்சில் சூடு சற்று அதிகம். செயலாளர் பதவிக்கு அடிபடும் பெயர் நம் அன்பர் ஒருவரின் வங்காள மருமகளுடையது.

கல்கத்தாவில் இருந்துகொண்டு இதைக் கேட்பதுதான் வேடிக்கை. வெளிநாட்டில் பிறந்த இரண்டு பெண்மணிகள் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தது இதே ஊரில்.

முதலாமவர் அன்னி பெசன்ட், 1917 டிசம்பரில். லண்டனில் பிறந்து அடையாற்றில் வாழ்ந்தவர். சுயாட்சி கேட்டதற்காக அந்த ஆண்டு உதகமண்டலத்தில் காவலில் வைக்கப்பட்டார். அதன் பிறகே தலைமை தேடி வந்தது. 1920-ல் காந்திஜியின் ஒத்துழையாமையை எதிர்த்தார், செல்வாக்கு சரிந்தது. அந்நியர் என்பதாலா? அதே கொள்கையை எதிர்த்த ஜின்னா கராச்சிக்காரர். அவரும்தான் காங்கிரஸை விட்டு விலகினார்.

இரண்டாமவரை நம்மில் பலர் மறந்துவிட்டோம். நெல்லி சென்குப்தா, கேம்பிரிட்ஜில் பிறந்தவர், ஜதீந்திர மோகன் சென்குப்தாவின் மனைவி. அதாவது, அவரும் ஒரு வங்காள வீட்டு மருமகள்! சிட்டகாங்கில் வீடு வீடாகச் சென்று கதர் விற்றார். 1933-ல் காங்கிரஸ் தடை செய்யப்பட்டிருந்தது. தலைவராகத் தேர்வான மாளவியாஜி வழியிலேயே கைதானார். நெல்லியின் கணவரும் சிறையில். அந்த நிலையில் தலைமை ஏற்றுப் பேசத் தொடங்கிய நெல்லியைப் போலீஸார் கைது செய்தனர். பிரிவினைக்குப் பின்னும் அவர் இங்கிலாந்துக்குத் திரும்பவில்லை. சிட்டகாங்கிலேயே தங்கி, 1954-ல் கிழக்கு பாகிஸ்தான் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவ்வளவு தூரம் போவானேன்? டிப்ளமாவுடன் வந்த என்னை ரயில்வே பணிமனையில் முதலில் 'மாட்ராஸி' என்றார்கள். சில மழைக்கால இரவுகளை அவர்களோடு தண்டவாளத்தில் நனைந்து கழித்த பிறகு 'தாதா' ஆனேன். அத்தனை வங்காளிகளும் என் உத்தரவுக்கு வேலை செய்தார்கள். அவர்களிடம் நாம் பெற்றதை அவர்கள் வீட்டுப் பெண்ணுக்கு மறுப்பது நியாயமா?

அந்த மருமகள் ஞாயிறுதோறும் நம் குழந்தைகளுக்கு அரிச்சுவடி சொல்லித் தருகிறார். பொங்கல் விழாவில் அடுப்படியை விட்டு நகர்வதில்லை. அவருக்கு 'ழ' சரியாக வரவில்லை என்கிறார்கள். நம் பேரப் பிள்ளைகளுக்கு மட்டும் வருகிறதா என்ன?

விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். 'உறுப்பினர்' என்றுதான் இருக்கிறது. தாய்மொழி பற்றி ஒரு வரி இல்லை. அவர் பெயரை முன்மொழிந்து நான் கையெழுத்திட்டுவிட்டேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். விருப்பமுள்ள அன்பர்கள் ஞாயிறு மாலை சங்கக் கட்டடத்தில் என்னைச் சந்திக்கலாம்.