கால் கொடுத்த தேசம் கை கொடுக்குமா?

யந்திரத்தின் வாயில் விரலைப் பறிகொடுத்த தொழிலாளிக்கு அவ்விரலின் மதிப்பு எவ்வளவு என்பதைச் சட்டம் எப்பொழுதோ கணக்கிட்டு வைத்துவிட்டது. 1923-ம் ஆண்டில் பிறந்து பின்னர் பல முறை திருத்தப்பட்ட தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் அட்டவணை, கட்டைவிரல் போனால் ஒருவன் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 30 பங்கு போயிற்று என்றும், சுட்டுவிரல் முழுதும் போனால் 14 பங்கு, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சுண்டுவிரலுக்கோ 7 என்றும் விதித்தது. இந்தக் கணக்கு நியாயமானதுதானா என்பது ஒரு புறம் இருக்கட்டும். விரலுக்கு ஈடாகப் பணம் வாங்கித் தரச் சட்டம் உண்டு. விரலுக்கு ஈடாக விரல் வாங்கித் தர யார் இருக்கின்றார்கள்?

இது ஏதோ சிலருடைய துர்ப்பாக்கியம் அன்று. ஹரியானாவில் மோட்டார் உதிரிப் பாகங்கள் செய்யும் பட்டறைகளில் பவர் பிரஸ் யந்திரங்கள் தொழிலாளரின் விரல்களை நசுக்கி வருவதை, 'ஸேஃப் இன் இந்தியா' என்னும் ஸ்தாபனம் 2019 முதல் அறிக்கை அறிக்கையாக எடுத்துக் காட்டி வருகின்றது. கிராமத்திலோ கரும்பு பிழியும் உருளையும் கதிரடிக்கும் யந்திரமும் அதே வேலையைச் செய்கின்றன.

நமது தேசத்துக்கு இவ்விஷயத்தில் திறமை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. போரில் அங்கம் இழந்த வீரர்களுக்காக 1944-லேயே புனேயில் செயற்கை அவயவ நிலையம் ஏற்பட்டது. 1960-களின் இறுதியில் ஜயப்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ராமசந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கிய காலை உலகமே அறியும். மேனாட்டுக் காலுக்குப் பூட்ஸ் வேண்டும். அதை மாட்டிக்கொண்டு சம்மணமிட்டு உட்கார முடியாது. சேற்று வயலில் இறங்க முடியாது. ரப்பரால் ஆன ஜயப்பூர்க் கால் வெறுங்காலாகவே நடந்தது, குந்தியது, வரப்பில் ஏறியது. பார்வைக்கும் நம்மவர் பாதம் போலவே இருந்தது. 1981-ல் மக்ஸேஸே பரிசு டாக்டருக்குக் கிடைத்தது. ஏட்டுப் படிப்பு அதிகம் இல்லாத அந்தக் கைவினைஞருக்குக் கிடைக்கவில்லை. அவர் கை இல்லாவிட்டால் அந்தக் கால் ஏது?

கால் வந்தது போல் கை ஏன் வரவில்லை? கால் தாங்கவும் நடக்கவும் வேண்டும். கையோ ஊசியில் நூல் கோக்கவும் வேண்டும், நெல் மூட்டையைத் தூக்கவும் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சட்டைப் பையிலுள்ள காசு எது, சாவி எது என்று அறியவும் வேண்டும். தோளில் வார் கட்டி, கம்பியால் இழுத்துத் திறக்கும் கொக்கிக் கை நூறாண்டுகளுக்கு மேலாக வழக்கில் இருக்கின்றது. உழைப்புக்கு அது உதவும். ஆனால் பார்ப்பவர் முகம் சுளிப்பர். தசையின் மின் அசைவை உணர்ந்து ஐந்து விரல்களையும் தனித்தனியே மடக்கும் கை 2007-ல் ஸ்காட்லாந்திலிருந்து விற்பனைக்கு வந்தது. அத்தகைய கைகளுக்குப் பல லட்சம் ரூபாய் வேண்டும். கூலிக்காரன் அதன் படத்தைப் பார்த்து மகிழலாம்.

முப்பரிமாண அச்சு யந்திரத்தால் இந்தத் துன்பம் தீர்ந்துவிடும் என்று சிலர் கூறுகின்றனர். தென்னாப்பிரிக்கத் தச்சர் ரிச்சர்ட் வான் ஆஸ் 2011-ல் ரம்பத்தில் விரல்களை இழந்தார். அமெரிக்காவில் பொம்மைக் கை செய்துவந்த ஐவன் ஓவன் என்பவருடன் கூடி அவர் கை ஒன்றை வகுத்தார்; அதன் வரைபடத்தை எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று 2013-ல் இருவரும் இனாமாகவே வெளியிட்டனர். இந்தத் தர்மத்துக்குத் தலை வணங்குகின்றோம். ஆயினும் மணிக்கட்டை மடக்கினால்தான் அந்த விரல்கள் மடங்கும். மணிக்கட்டே இல்லாதவனுக்கு அது உதவாது. சாதாரணமாக இவ்வச்சுக்குப் பயன்படும் பிளாஸ்டிக் ஒன்று சுமார் 60 டிகிரி உஷ்ணத்தில் இளகத் தொடங்கும். அடுப்பங்கரைக்கும் நமது வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்கும் அது ஏற்குமா? வளரும் குழந்தைக்கு மலிவாக மாற்றி மாற்றித் தர அது நல்ல சாதனம். உழைப்பாளியின் கைக்கு வேறு பொருள் தேட வேண்டும்.

கை உருவில் மனிதக் கையைப் போல் இருக்க வேண்டும் என்பதைச் சிலர் ஆடம்பரம் என எண்ணுகின்றனர். இதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். வலது கை இழந்தவன் கலியாணப் பந்தியில் உட்காருவதை நினைத்துப் பாருங்கள். இடது கையால் உண்டால் பக்கத்து இலைக்காரர் திரும்பிப் பார்ப்பார். ஆகவே அவன் பந்திக்கே வருவதில்லை. பெண்ணானால் முந்தானைக்குள் கையை மறைத்தே காலம் கழிக்கின்றாள். சிலிகோனில் ரேகையும் நகமும் அமைத்து, அவரவர் நிறத்துக்கு வர்ணம் தீட்டிய விரல் பிடிக்காது, உணராது. ஆனால் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது பிறர் கண்ணை உறுத்தாது. மலிவான பி.வி.சி. உறையிலோ மஞ்சள் கறை ஏறினால் போகாது. குழம்பு சாப்பிடும் ஜாதிக்கு அது எம்மட்டு? நிறம் தீட்டுவது யந்திரத்தின் வேலையுமன்று. கருமையில் எத்தனை சாயல், மாநிறத்தில் எத்தனை சாயல் என்று அறிந்த கண் வேண்டும். சிலைக்கும் பொம்மைக்கும் வர்ணம் தீட்டும் குடும்பங்கள் நமது நாட்டில் இன்னும் இருக்கின்றன. அவர்களை ஆஸ்பத்திரிக்குள் அழைத்து, சம்பளமும் மதிப்பும் கொடுத்து உட்கார வைக்க வேண்டும்.

ஊனமுற்றோர்க்கு உபகரணம் வழங்கச் சர்க்கார் திட்டம் 1981 முதல் இருக்கின்றது. முகாம் கூட்டி, மாலை போட்டு, இத்தனை கைகள் வழங்கினோம் என்று எண்ணிக்கை சொல்வது எளிது. கொடுத்த கைகளில் ஓராண்டு கழித்து எத்தனை தோளில் இருக்கின்றன, எத்தனை பரண்மேல் இருக்கின்றன என்ற கணக்கையும் சர்க்கார் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். உடைந்த கம்பியை மாற்றவும் கிழிந்த உறையைத் தைக்கவும் ஏழை தலைநகருக்கு ரயிலேறக் கூடாது. ஜில்லா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் ஒரு பட்டறை வேண்டும். விரலை வாங்கிக்கொண்ட ஆலை முதலாளியும், நஷ்ட ஈட்டுத் தொகையோடு நின்றுவிடாமல், புது விரலுக்கும் அதன் பழுதுக்கும் ஆயுள் முழுதும் பணம் கட்டும்படி சட்டம் செய்ய வேண்டும்.