எப்போது வீட்டை விட்டுப் போகலாம்?

"முதலில் வேலை கிடைக்கட்டும். சொந்தக் காலில் நின்றுவிட்டுத் தனியாகப் போ." உப்பளத்திலும் துறைமுகத்திலும் உழைக்கிற நம் தூத்துக்குடி வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். நல்ல புத்திமதிதான்.

ஆனால் தோழர்களே, ஏரல் பக்கம் ஆறுமுகமங்கலத்தைச் சேர்ந்த கவின் செல்வகணேஷ் சொந்தக் காலில்தான் நின்றார். வயது 27. சென்னையில் மென்பொருள் வேலை. 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் பழகிய பெண்ணின் சகோதரர் கைதானார்.

பக்குவம் வராதது பிள்ளைகளுக்கு அல்ல. 18 வயது தாண்டிய மகளையும் சாதியின் சொத்தாகக் காவல் காக்கிற வீடுகளுக்குத்தான் இன்னும் பக்குவம் வரவில்லை.

வயது வந்த இருவர் மணம் முடிக்கக் குடும்பத்தின் சம்மதமோ ஊரின் சம்மதமோ தேவையில்லை என்று சக்தி வாஹினி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் அடங்கிய தனிப்பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் மாவட்டந்தோறும் வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

கிளம்பும் முன் சான்றிதழும் வங்கிக் கணக்கும் உங்கள் கையில் இருக்கட்டும். உங்கள் மாவட்டத்தில் அந்த எண் எது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். ஆணவக் கொலைக்கு எதிராகத் தனிச்சட்டம் கேட்டுத் தெருவுக்கு வாருங்கள். பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும்.